மூலப்படி எங்கே?

2024 டிசம்பர் 2ஆம் நாள். ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பிற்று. விடியுமுன் அங்கிருந்து நொடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் வெளியேறிற்று. தென்பெண்ணை கரை கடந்தது. திருக்கோவிலூர் வட்டாரத்துக் கரையோர மக்கள் கண்விழித்த வேளையில் ஆறு வாசலில் நின்றது. பலர் வீட்டில் உள்ளேயே நின்றது.

எச்சரிக்கையின்றி நீரைத் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. எச்சரிக்கை தந்தோம் என்றது அரசு. நாள் கணக்கில் வாதம் நடந்தது. அந்த வாதத்துக்குத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கேட்பது வேறொன்று. அன்று கையில் கைப்பேசி வைத்திருந்தோர் பலர் வெள்ளத்தைப் படம் பிடித்தனர். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று எடுத்துரைக்கும் சாட்சிகள் அவை. அந்தச் சாட்சிகள் இன்று எங்கே?

வாட்ஸ்அப்பில் இருக்கிறது, யூட்யூபில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அங்கே இருப்பது எது? எடுத்தவரின் கைப்பேசியில் பிறந்த மூலப்படியா? கை பல மாறி, சுருக்கப்பட்டு, வடிவம் மாற்றப்பட்டு வந்த மாற்றுப்படியா? இரண்டும் ஒன்றுதானே, கண்ணுக்கு ஒன்றுபோலத்தானே தெரிகின்றன என்று கேட்பவர் உண்டு. அவரிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: நிலம் வாங்கப் போகிறவர், ஜெராக்ஸைக் காட்டினால் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறாரா? தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறாரா, இல்லையா? எழுத்து ஒன்றுதான், அளவு ஒன்றுதான். ஆயினும் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் கண்டபின்தான் முன்பணம் தருகிறார். காணி நிலத்துக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை, நாட்டு நடப்புக்குக் காட்ட வேண்டாமா?

கைப்பேசி ஒரு காட்சியைப் பதியும்போது, படத்தையும் ஒலியையும் மட்டும் பதிவதில்லை. எந்த நாள், எந்த நேரம் என்பதைக் கோப்பின் உள்ளே எழுதி வைக்கிறது. பல கைப்பேசிகள் தம் வகையையும், வசதியைத் திறந்து வைத்திருந்தால் இடத்தையும்கூட எழுதுகின்றன. அது பிறப்புச் சான்று. அந்தக் காட்சியை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் வீடியோவாக அனுப்பினால், அனுப்பும் வசதிக்காக அது சுருக்கப்படுகிறது. சுருக்குவது என்றால் ஓரத்தை வெட்டுவதன்று. படம் முழுவதையும் புதிதாக எழுதுவது. புதிய கோப்பு பிறக்கிறது. பழைய பிறப்புச் சான்று பெரும்பாலும் அதனோடு வருவதில்லை. யூட்யூபில் ஏற்றினாலும் நிலை அதுவே. நாம் ஏற்றுவது ஒன்று. பார்ப்போருக்கு அது காட்டுவது, தானே பல அளவுகளில் மாற்றி வைத்துக்கொண்ட படிகள். அங்கே தெரியும் நாள், ஏற்றிய நாளும் வெளியிட்ட நாளுமே அன்றி, நிகழ்ச்சி நடந்த நாள் ஆகாது.

பிறப்புச் சான்றை இழந்த படம் அநாதை. அநாதைக்கு யார் வேண்டுமானாலும் பெயர் சூட்டலாம். 2023 மார்ச் மாதம் நடந்ததைத் தொழிலாளத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளரை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று சொல்லிச் சில வீடியோக்கள் வடபுலமெங்கும் பரவின. ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர் தமக்குள்ளே மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவரிடையே நடந்தது என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் அறிவிக்க வேண்டியதாயிற்று. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்த்தது. அதற்குள் அச்சம் பரவிவிட்டது. உழைத்து உண்ண வந்தவன் மூட்டையைக் கட்டினான். உடன் உழைத்தவன் திகைத்து நின்றான். படம் பொய்யன்று, அதன்மேல் ஒட்டிய பெயர்தான் பொய். மூலப்படி எங்கே, எடுத்தவர் யார், எடுத்த நாள் எது என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமலே பல்லாயிரம் கைகள் அதை அனுப்பின.

இந்தக் கேள்விகள் நமக்குப் புதியனவா? மேல்நாட்டார் வந்து கற்பிக்க வேண்டியனவா? இல்லை, தோழர்களே! மூலம் எது, படி எது என்று பிரித்துச் சொல்லும் ஒழுக்கம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சோழ அரசி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் பல கோயில்களைக் கற்றளியாக எடுத்துக் கட்டினார். கும்பகோணத்துக்கு அருகில் திருக்கோடிகாவலில் பழைய கட்டடத்தைப் பிரித்துப் புதிது கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார். வெட்டியதோடு விட்டார்களா? இது பழங்கற்படி என்று குறிப்பும் சேர்த்து வெட்டினார்கள். இது மூலமன்று, மூலத்திலிருந்து எடுத்த படி என்று அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது. படியெடுப்பது குற்றமன்று. படியை மூலம் என்று காட்டுவதுதான் குற்றம்.

திருக்கோவிலூரைச் சுற்றியுள்ளோர்க்குக் கல்லின் மதிப்பு தெரியும். வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கபிலரின் முடிவைச் சொல்கிறது. பெண்ணையாற்றில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. பக்கத்தில் ஜம்பை. அங்கே 1981இல் தொல்லியல் துறையினர் கண்டறிந்த தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு சதியபுதோ என்ற பட்டத்தையும் தாங்கியிருந்தது. அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடிய கேள்விக்கு விடை அந்தப் பாறையில் இருந்தது. கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளை ஒட்டி மை தடவிப் படியெடுக்கிறார்கள். அதைப் படித்து நூலில் அச்சிடுகிறார்கள். நூல் எல்லார் கைக்கும் போகிறது, நல்லது. ஆனால் ஓர் எழுத்தில் ஐயம் வந்தால் என் செய்கிறார்கள்? நூலை விட்டு மைப்படிக்குப் போகிறார்கள். மைப்படியிலும் தெளியாவிட்டால் பாறைக்கே போகிறார்கள். பாறை இருப்பதால்தான் அந்த வாதம் முடிகிறது.

இன்றைய பாறைகள் இணையத்தில் உள்ள ஆவணக் காப்பகங்கள். அவற்றுள் பெரியது, 1996இல் புரூஸ்டர் கேல் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ். எவரும் இலவசமாக ஏற்றலாம். எவரும் எடுத்துப் பார்க்கலாம். அங்கே நாம் ஒரு வீடியோவை ஏற்றினால், அது அந்த மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாக் கருவியிலும் ஓடத்தக்க மாற்றுப்படிகளைத் தானே உண்டாக்கிப் பக்கத்தில் வைக்கிறது. மொத்தக் கோப்பு இத்தனை, மூலக் கோப்பு இத்தனை என்று பதிவிறக்கும் பகுதியிலேயே எண்ணிக்கை தெரியும். அதோடு ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பட்டியல் கோப்பு உண்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் இது மூலம், இது மாற்றுப்படி, எந்த மூலத்திலிருந்து மாற்றப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். செம்பியன் மாதேவி சுவரில் வெட்டிய குறிப்பின் வேலையை இங்கே அந்தப் பட்டியல் செய்கிறது.

ஆகவே அங்கிருந்து எடுப்பவர் முதலில் கண்ணில் படும் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. பட்டியலைத் திறந்து, மூலம் என்று குறித்ததை எடுக்க வேண்டும். மூலமே எம்.பி.4 வடிவில் இருந்தால், காப்பகம் செய்த மாற்றுப்படியின் பெயரில் ஐ.ஏ. என்ற இரண்டெழுத்து இடையில் சேர்ந்திருக்கும். பழைய பதிவுகளில் 512 கே.பி. என்ற அடையாளம் இருக்கும். ஓ.ஜி.வி. என்று முடிவனவும் அங்கே பெரும்பாலும் மாற்றுப்படிகளே.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை! காப்பகம் மூலம் என்று சொல்வதற்கு என்ன பொருள்? ஏற்றியவர் தந்த கோப்பு இது என்பதே பொருள். கேமராவில் பிறந்த கோப்பு இது என்று அது உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. யூட்யூபிலிருந்து இறக்கியதை ஒருவர் அங்கே ஏற்றினால், அதுவும் அந்தப் பட்டியலில் மூலம் என்றே இடம்பெறும். ஊருக்குப் புதிதாக வந்தவரைக் காவல் நிலையம் பெயரெழுதிக் கொள்ளலாம். பெற்றோர் யாரென்று அதற்கு எப்படித் தெரியும்?

அதை நாம்தான் பார்க்க வேண்டும். பார்க்க வழி உண்டா? உண்டு. முதலாவது பெயர். கோப்பின் பெயர் முடிவில் பொருளற்ற பதினோரு எழுத்தும் எண்ணும் கலந்து நின்றால், அது யூட்யூபின் அடையாளக் குறியாக இருக்கக்கூடும். நாளைச் சொல்லும் எட்டு எண்ணும் அதன்பின் டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகளும் வந்தால் அது வாட்ஸ்அப் வழியே வந்தது. அந்த நாளும் பெறப்பட்ட நாளே, எடுத்த நாளன்று. இரண்டாவது உள்ளெழுத்து. மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்தால், உள்ளே எழுதியிருப்பது தெரியும். கூகுள் நிறுவனம் உண்டாக்கிய கோப்பு என்ற வாசகம் அங்கே இருந்தால், அதன் வழி யூட்யூப் வழி என்று கொள்ளலாம். மாற்றும் மென்பொருள்களும் தம் பெயரை விட்டுச் செல்வதுண்டு. மூன்றாவது வேகம். நம் நாட்டுப் பழைய கேசட் வீடியோ நொடிக்கு 25 படம் ஓடும் முறையில் எடுக்கப்பட்டது. பழைய பொதுக்கூட்டக் கேசட்டின் மூலப்படி என்று சொல்லி நொடிக்கு 30 படம் ஓடும் கோப்பை ஒருவர் காட்டினால், இடையில் எங்கோ மாற்றப்பட்டிருக்கிறது என்று அறியலாம். நான்காவது அளவு. பெரிய கோப்பு என்பதாலோ, தெளிவு அளவு கூடுதல் என்பதாலோ அது மூலமாகிவிடாது. சின்னப் படத்தைப் பெரிதாக்கி எழுதினால் கோப்பு பெருக்கும், உண்மை பெருக்காது.

இவற்றுள் ஒன்று மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. பெயரை மாற்றலாம், உள்ளெழுத்தை அழிக்கலாம், பொய்யாக எழுதவும் செய்யலாம். பல அடையாளங்கள் ஒருமுகமாக நின்று, எடுத்தவரும் முன்வந்து சொன்னால்தான் நம்பிக்கை பிறக்கும்.

எதற்கு இவ்வளவு என்று கேட்கும் தோழர்கள் கேரளத்து எரநாடு தொகுதியின் கதையைக் கேட்க வேண்டும். 2011 சட்டமன்றத் தேர்தலில் அங்கே பி.கே. பஷீர் வென்றார். தோற்ற பி.வி. அன்வர், எதிர்ப்பக்கம் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பி முறைகேடாகப் பிரசாரம் செய்தது என்று வழக்குத் தொடுத்தார். கைப்பேசி முதலிய கருவிகளில் பதிந்ததைக் கணினியில் ஏற்றி, குறுந்தகடாக்கி, நீதிமன்றத்தில் வைத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2014 செப்டம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தகடுகள் படிகள், படிக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லை, ஆகவே ஏற்பதற்கில்லை! பிரசாரத்துக்கே பயன்பட்ட தகடுகளைக் கைப்பற்றி மூலச் சான்றாகக் கொண்டு வந்திருந்தால் நிலைமை வேறு என்றும் கோர்ட் சொல்லிற்று. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று அந்தத் தகடுகளைக் கொண்டு ஆராயும் கட்டமே வரவில்லை. படி வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

2020 ஜூலை 14இல் மகாராட்டிரத்து ஜால்னா தொகுதி வழக்கிலும் அந்த விதியை சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கொண்டு வந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் வேண்டாம். படிக்குத்தான் வேண்டும் என்று தெளிவாக்கிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, சான்றிதழில் கோப்பின் ஹேஷ் எண்ணையும் கேட்கிறது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண்ணைத்தான் இன்டர்நெட் ஆர்க்கைவும் தன் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே எழுதி வைக்கிறது. பத்து ஆண்டு கழித்து எடுத்தாலும், அன்று ஏற்றியதும் இன்று இறங்கியதும் ஒன்றே என்று ஒத்துப் பார்க்க அது உதவும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று. 2024 டிசம்பர் 20இல் மத்திய அரசு தேர்தல் நடத்தை விதிகளில் 93ஆவது விதியைத் திருத்திற்று. கண்காணிப்புக் கேமராப் பதிவு போன்ற மின்பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உரியன என்ற வாதத்துக்கு இருந்த இடம் அடைபட்டது. 2025 மே 30இல் தேர்தல் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிற்று: முடிவு வெளியாகி 45 நாளுக்குள் தேர்தல் வழக்கு இல்லையேல், அந்தப் பதிவுகளை அழித்துவிடலாம். துண்டு துண்டாக எடுத்துப் பொய்ப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆணையம் காட்டிய காரணம். துண்டுப் படம் பொய்க்குத் துணைபோகும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நோய்க்கு மருந்து என்ன? துண்டைப் பொய்யென்று காட்டவல்லது முழு மூலம் ஒன்றுதானே! மூலத்தை அழித்துவிட்டால், ஊரில் உலவும் துண்டுகளுக்கு மறுப்பு எங்கிருந்து வரும்? வாக்குச்சாவடிக்குள் நாம் படமெடுக்க முடியாது. அங்கே உள்ள மூலம் ஆணையத்தின் கையில் மட்டுமே உண்டு. ஆகவே முகவர்கள் நாளை எண்ண வேண்டும். ஐயம் இருந்தால் 45ஆம் நாள் வரை காத்திருக்கக்கூடாது.

தேர்தலினும் பெரிய துயரத்துக்கும் இதுவே பாடம். 2009 ஆகஸ்ட் 25இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, இலங்கையில் கைகள் பிணைக்கப்பட்ட ஆடவரைச் சுட்டுக் கொல்லும் காட்சியை ஒளிபரப்பிற்று. கைப்பேசியில் எடுத்தது என்று சொல்லப்பட்டது. போலி என்றது இலங்கை அரசு. இது கைப்பேசிப் பதிவே அன்று என்று அதன் பக்கத்து வல்லுநர்கள் வாதிட்டனர். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தனியே மூன்று வல்லுநரைக் கொண்டு ஆராயச் செய்து, 2010 ஜனவரி 7இல் முடிவை வெளியிட்டார். தொடர்ச்சியில் முறிவு இல்லை, மேலே ஒட்டிய படலம் இல்லை, திருத்திய தடயம் இல்லை என்றார் வீடியோ வல்லுநர். ஆயினும் விளங்காத சில உண்டு என்பதையும் ஆல்ஸ்டன் மறைக்கவில்லை. கோப்பினுள் பதிந்திருந்த நாள் 2009 ஜூலை 17. போரோ மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. கடைசியில் 17 படச்சட்டங்கள் ஏன் வந்தன என்பதும் விளங்கவில்லை. பின்னர் நீண்ட பதிவு ஒன்று கிடைத்து, அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் அதையும் ஆராயச் செய்து, உண்மையான பதிவே என்று 2011இல் முடிவு சொன்னார். ஏறத்தாழ ஈராண்டு! கொல்லப்பட்டவர்களுக்காகப் பேச வந்த படம், முதலில் தன் பிறப்பையே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எடுத்த கருவியும் முதல் கோப்பும் வெளிப்படையாகக் கையில் இருந்திருந்தால், அந்த வாதங்களில் எத்தனை எழுந்திருக்கும்?

ஆகவே ஒவ்வொரு கிளையும் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. பொதுக்கூட்டமோ, வேலைநிறுத்தமோ, தடியடியோ, வெள்ளமோ, எடுத்த படத்தைக் கைப்பேசியிலிருந்து கம்பி வழியே கணினிக்கு மாற்றுங்கள். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் வீடியோவாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்; அப்போது அது சுருங்குவதில்லை. வெட்டுவதும் ஒட்டுவதும் படியில் நடக்கட்டும்; மூலத்தைத் தொடாதீர்கள். எடுத்தவர் பெயர், நாள், நேரம், இடம் இவற்றை நோட்டில் எழுதிக் கிளை அலுவலகத்தில் வையுங்கள். ஹேஷ் எண்ணை எடுத்து அந்த நோட்டிலேயே குறியுங்கள். வழக்குக்கு வரக்கூடியதென்று தோன்றினால் அந்தக் கைப்பேசியையே விற்காமல் வைத்திருங்கள். பழைய கேசட்டுகளை மாற்றியாயிற்று என்று குப்பையில் போடாதீர்கள்; அவைதாம் பாறை. ஆனால் காட்டிக் கொடுக்கப்பட்டால் தொழிலாளிக்குத் தீங்கு வரும் படங்களைப் பொதுக் காப்பகத்தில் ஏற்றாமல் பூட்டி வையுங்கள். கோப்பிலுள்ள நேரமும் இடமும் எதிரிக்கும் வழி சொல்லும்.

பிறரிடமிருந்து வரும் படத்துக்கும் இதே அளவுகோல்தான். நமக்கு இனிப்பான படம் வந்தால் அளவுகோலை மறைத்து வைப்பதும், கசப்பான படம் வந்தால் தேடி எடுப்பதும் நேர்மையன்று. நாம் அனுப்பிய படம் பொய்யென்று ஒருமுறை தெரிந்தால், அடுத்து நாம் அனுப்பும் மெய்யையும் ஊர் நம்பாது. எனவே அனுப்புமுன் ஒரு சொல் கேளுங்கள். எதிரியிடமும் கேளுங்கள், நண்பரிடமும் கேளுங்கள், நம் கிளைத் தோழரிடமும் கேளுங்கள்: மூலப்படி எங்கே?